இரண்டு மணி நேரத்துக்குள்

12-2-1973, திங்கள்

இன்று ஒரு பெரிய முடிவு எடுத்தேன். பதினோரு வருடங்களாக ஐந்து நிமிடம் கூட்டி வைத்திருந்த என் கைக்கடிகாரத்தை, காலை 6.30க்கு, மனைவி சம்பூர்ணம் சாட்சியாக, வானொலி மணியோடு சேர்த்துச் சரியாக வைத்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. உலகத்தில் இதற்குமுன் நடந்த சீர்திருத்தங்களையும் அந்தந்த வீட்டு மனைவிமார் அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சரியான நேரத்தை நம்பிப் போனதில் செவ்வாப்பேட்டை ஸ்டேஷனில் 7.05 வண்டி கண்ணெதிரே போய்விட்டது. அடுத்ததைப் பிடித்து, பேசின்பிரிட்ஜில் மாறி, கவரைப்பேட்டை போய்ச் சேர்வதற்குள் ஆலையில் சங்கு ஊதி ஒரு மணி நேரம்.

13-2

பம்பாய்த் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம். மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் நீட்டினார். கம்பெனிக்குத் தெற்கில் இரண்டு ஆலைகள்: நாங்கள் ஒன்று, ஓசூர்ப் பக்கம் ஒன்று. இனி ஒன்றுதான் இருக்கும். சரக்கு வாங்கும் இன்ஜினீயர்கள் இப்போதெல்லாம் விமானத்தில் வருகிறார்களாம். விமான நிலையத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்து சேர முடிகிற ஆலை தொடரும். டைரக்டர் 28ஆம் தேதி தாமே வந்து பார்ப்பார். கையில் கடிகாரத்தோடு.

நாங்கள் செய்வது இரும்புக் குழாய்களுக்கு இணைப்பு. அது உடைகிறதா, ஒழுகுகிறதா என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை.

மீனம்பாக்கத்திலிருந்து இங்கே வர வழித்திட்டம் போடும் பொறுப்பு குமாஸ்தாவாகிய எனக்கு. ஏன் என்று கேட்டேன். நான்தான் தினமும் அதிக தூரம் வருகிறவனாம்.

மாலையில் ஆட்களின் பட்டியலைத் தட்டச்சு செய்தேன். நாற்பத்தொரு பெயர். கடைசிப் பெயர் என்னுடையது. அதில் மட்டும் இரண்டு எழுத்துப் பிழை.

16-2

முதல் ஒத்திகை. கம்பெனி அம்பாசிடர், டிரைவர் கலியன், நான். மீனம்பாக்கம், மவுண்ட் ரோடு, சென்ட்ரல், வியாசர்பாடி, செங்குன்றம், காரனோடைப் பாலம், தச்சூர், கவரைப்பேட்டை. பிறகு எங்கள் ரயில்வே கேட். அது மூடியிருந்தது. மொத்தம் இரண்டு மணி பன்னிரண்டு நிமிடம்.

கலியன் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "சாரு, ரோடு எங் கையில இருக்குது. கேட்டு இன்னா, எங் கையிலயா இருக்குது?" என்றான். பிறகு, ஆலையை மூடப் போவதாக ஊரில் பேசிக்கொள்வது நிஜமா என்று கேட்டான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி கேட்டவனுக்குப் பதில் சொல்வதுபோல.

17-2

கேட்கீப்பரிடம் விசாரித்தேன். காலை 11.40க்கு மூடினால், இரண்டு வண்டிகள் போன பிறகு 12.15க்குத்தான் திறப்பாராம். அதற்குமுன் கடந்துவிட்டால் பிழைத்தோம். இந்த வாக்கியத்தை எழுதிவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

20-2

இரண்டாவது ஒத்திகை. கேட் திறந்திருந்தது. ஆனால் காரனோடையிலிருந்து இப்பால் தார் ரோடு முழுக்கக் கதிரும் வைக்கோலும். லாரிச் சக்கரத்தில் இலவசமாகப் போரடித்துக்கொள்கிறார்கள். வண்டி ஊர்ந்தது. ஒரு மணி ஐம்பத்தாறு. மீதி நான்கு நிமிடம். நாற்பத்தொரு குடும்பம் நான்கு நிமிடத்தில் எப்படி உட்காரும்?

22-2

ஊர்க்காரர்களுக்கு ஓர் அறிவிப்பு எழுதினேன். 'நமது ஆலையின் தலையெழுத்தை எழுதப்போகும் பெருமகனார் 28ஆம் தேதி காலை பதினோரு மணியளவில் இவ்வழியே எழுந்தருளுகிறார். சாலையில் வைக்கோலோ கால்நடையோ இல்லாமல் ஒத்துழைக்கக் கோருகிறோம்.' 'எழுந்தருளுகிறார்' என்ற சொல்லைப் போட்டுவிட்டு இரண்டு நிமிடம் அதையே ரசித்துக்கொண்டிருந்தேன். வைக்கோலை அகற்றப் 'பெருமகனார்' தேவையா? 'காரில் ஒருவர் வருகிறார்' என்றால் யாரும் நகர மாட்டார்கள் என்று தோன்றியது.

ஃபோர்மேன் பச்சையப்பன் தச்சூர்க்காரர். காரனோடை, தச்சூர், கவரைப்பேட்டை மூன்று ஊரிலும் அவருக்குச் சொந்தக்காரர்கள். பிரதிகளை அவரிடமே கொடுத்தேன். வாய்விட்டுப் படித்துப் பார்த்து, "நல்லா கீது சார். நானே பட்ச்சிக் காட்டிட்றேன்" என்றார். அவருடைய மகளுக்குச் சித்திரையில் கல்யாணம். சம்பந்தி வீட்டார் வந்து ஆலையைப் பார்த்துவிட்டுத்தான் பெண் எடுக்கச் சம்மதித்தார்களாம்.

25-2, ஞாயிறு

சாப்பிடும்போது சம்பூர்ணம் கேட்டாள்: "சோத்தைப் பாக்காம கடியாரத்தையே பாத்துக்கினு இருந்தா சோறு ஓடிப்பூடுமா?"

26-2

இன்று மூன்று ஊருக்கும் போய்வந்தான் கலியன். ரோட்டில் ஒரு வைக்கோல் இல்லை. பெருக்கியே வைத்திருக்கிறார்களாம்.

27-2

கடிகாரத்தை வானொலி மணியோடு இன்னொரு தரம் சரிபார்த்தேன்.

28-2, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விமானம் சரியான நேரத்துக்கு வந்தது. டைரக்டர் ஒல்லியான, மரியாதையான மனிதர். 9.50க்குக் கட்டடத்தை விட்டு வெளியே காலெடுத்து வைத்ததும் கடிகாரத்தைப் பார்த்துச் சின்னப் புத்தகத்தில் குறித்தார். நானும் குறித்தேன். இரண்டு கடிகாரமும் ஒத்துப்போயின. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

செங்குன்றம் 10.50. கணக்குப்படி கேட் 11.20, ஆலை 11.26. முன் சீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு முதுகெல்லாம் நனைந்திருந்தது. ஆனாலும், ஒப்புக்கொள்கிறேன், ஒரு நிமிடம் எனக்கு நம்பிக்கை வந்தது.

காரனோடைப் பாலம் தாண்டியதும் ரோடு பளிச்சென்று இருந்தது. நீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். கோலத்துக்கு அப்பால் ரோட்டை அடைத்துக்கொண்டு அறுபது பேர். முன்னால் மூன்று பெண்கள், ஆரத்தித் தட்டோடு.

கலியனைப் பார்த்தேன். அவன் பிரேக்கில் கால் வைத்துவிட்டான். "ஆரத்தி மேல வண்டிய ஏத்தச் சொல்றியா சாரு?" என்று முணுமுணுத்தான்.

ஆரத்தி, மாலை, எலுமிச்சம்பழம், பஞ்சாயத்துக்காரர் ஒருவரின் பேச்சு. என் அறிவிப்பையே மனப்பாடமாக ஒப்பித்தார். 'எழுந்தருளுகிறார்' என்ற இடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். ஒன்பது நிமிடம்.

தச்சூரில் நாதஸ்வரம். எட்டு நிமிடம்.

கவரைப்பேட்டையில் இறங்கி ஓடிப்போய்க் கெஞ்சினேன். அதனால் ஆறு நிமிடத்தோடு விட்டார்கள். கூட்டத்தில் பச்சையப்பன் வெள்ளை வேட்டி, மடித்த துண்டோடு நின்றிருந்தார். இது என்ன காரியம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"இன்னா சார், பெரிய மன்சன் வராருன்னு நீங்கதானே எழுதிக் குட்த்தீங்க. வைக்கோலை வாரிக் கடாசிட்டு வெறுங்கையோட நின்னா நம்ம ஜனத்தைப் பத்தி இன்னா நெனைப்பாரு?"

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காருக்கு ஓடினேன்.

கேட்டுக்கு வந்தபோது 11.43. மூடியிருந்தது. முப்பத்திரண்டு நிமிடம் நின்றோம். டைரக்டர் கழுத்தில் மூன்று மாலை, நெற்றியில் ஆரத்திப் பொட்டு. மிகவும் அன்பான ஜனங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். உண்மையாகவே சொன்னார் என்று நினைக்கிறேன். பிறகு புத்தகத்தை எடுத்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். கேட்டின் அந்தப் பக்கம் எங்கள் புகைபோக்கி தெரிந்தது. நான் அதைப் பார்க்கவில்லை.

ஆலை வாசல் 12.21. இரண்டு மணி முப்பத்தொரு நிமிடம். அவர் எழுதுவதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

ஐயோ, ரெண்டே வார்த்தை. 'வைக்கோல எடுங்க'ன்னு எழுதியிருந்தா போதுமே. எவன் கேட்டான் பெருமகனாரை?

1-3

மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு, அந்த வரவேற்பு யார் ஏற்பாடு என்று கேட்டார். அறிவிப்பின் அலுவலகப் பிரதி என் மேஜை இழுப்பறையில் இருந்தது. பச்சையப்பன் என்னைப் பார்த்தார். ஒருதரம்தான். பிறகு, "நாந்தான் சார் சொன்னேன். ஊர் வழக்கம்" என்றார்.

நான் பேசவில்லை. பேச வாயைத் திறந்தேன் என்று இங்கே எழுதலாம். என்னைத் தவிர யார் படிக்கப் போகிறார்கள்? திறக்கவில்லை.

2-3

பிரதியைக் கிழித்துப் பேசின்பிரிட்ஜில் தண்டவாளத்தில் போட்டேன். பேசின்பிரிட்ஜில் காற்று அதிகம். நாலு துண்டு என் சட்டைக்கே திரும்பி வந்தன.

9-3

கடிதம் வரவில்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் தட்டச்சை நிறுத்திவிடுகிறேன். ஆலையில் யாரும் யாரிடமும் மணி கேட்பதில்லை.

15-3

வந்துவிட்டது. ஓசூர் தொடரும். இங்கே 31ஆம் தேதியோடு மூடல். நாற்பது பேருக்கு நோட்டீஸ். எனக்கு மட்டும் ஓசூருக்கு மாற்றல். வழித்திட்டம் துல்லியமாக இருந்ததாம்.

நாற்பது நோட்டீஸையும் நான்தான் தட்டச்சு செய்தேன். எழுத்துப் பிழை இல்லை.

19-3

பச்சையப்பனிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். பேச்சை எடுக்குமுன் அவரே முந்திக்கொண்டார்: "ஓசூர் குளுராமே சார். வூட்ல அண்ணிக்கு ஒரு சொட்டர் வாங்கிக்குங்க." மகள் கல்யாணம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். சம்பந்தி வீட்டிலிருந்து ஆள் வந்து போயிருக்கிறதாம். சொல்லிவிட்டு மறுபடியும் ஓசூர்க் குளிரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

31-3, சனி

கணக்கை ஒப்படைக்க மேனேஜர் பம்பாய் போகிறார். கலியன் ஓட்ட, நான் மீனம்பாக்கம் வரை வழியனுப்பப் போனேன். ஆலை வாசலில் 9.00க்குக் கிளம்பினோம். கேட் திறந்திருந்தது. கவரைப்பேட்டை, தச்சூர், காரனோடை எங்கும் ரோட்டில் யாரும் இல்லை. 10.36க்கு மீனம்பாக்கம் போய்ச் சேர்ந்தோம். ஒரு மணி முப்பத்தாறு நிமிடம்.