சூரத்துக்கு ரெண்டு சேர்

ஜனவரி 5, திங்கள்

ஏரியில் இன்று இறால் நல்ல பாடு, வலை நிறைய. நான் போகவில்லை. கரையில் நின்று அடுத்தவன் கூடையை எட்டிப் பார்த்ததோடு சரி.

சாயங்காலம் மகள் விநோதா போன் செய்தாள். சூரத்தில் ஊடு வாங்கிவிட்டார்களாம். ஊடு இல்லை, வீடு. இந்த போனிடம் ஊடு என்று சொல்லக் கூடாது. இதில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று மருமகள் பானுதான் போட்டுக் கொடுத்தாள். முதல் நாளே படித்துக் காட்டிச் சிரித்தாள். "ஊட்டுக்குப் போனேன்" என்று நான் சொன்னதை "ஊட்டிக்குப் போனேன்" என்று எழுதி வைத்திருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவன்தானே என்று ஏமாற்றுகிறது. அதனால் இதனிடம் மட்டும் படித்தவன் மாதிரி பேசுகிறேன். என் சம்சாரம் கனகாம்பாள் அதற்கும் ஒன்று சொன்னாள். "அதுக்குக் காட்டுற மரியாதையில கால்வாசி எனக்குக் காட்டேன்யா."

பிப்ரவரி ஆறு, வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள். கல்யாணமாகி அந்த ஊருக்குப் போய் ஏழு வருஷம், நாங்கள் ஒரு தடவை கூடப் போகவில்லை. விநோதா சொன்னாள், "அம்மா வந்து அடுப்பு பத்த வைக்கணும். இந்தத் தடவையும் வரலைன்னா நான் பால் காய்ச்சவே போறதில்ல. பூட்டியே கெடக்கட்டும்."

செய்தாலும் செய்வாள். அவள் அம்மாவின் பெண் ஆயிற்றே.

ஜனவரி 7

எதில் போவது? மூன்று கட்சி ஆகிவிட்டது. மகன் குணாளன் விமானம் என்கிறான். சிப்காட் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆனதிலிருந்து அவனுக்கு எதுவும் தரையில் இருப்பதில்லை. பானு ரயில் என்கிறாள். கனகா பஸ் என்கிறாள். ஏன் பஸ் என்று கேட்டேன். "பஸ்ஸுன்னா நம்மூரு டீசல் வாசனை" என்றாள். இது ஒரு காரணமா?

ஜனவரி 9

பஸ் இல்லை. ஐம்பது வருஷம் ஏரியிலும் கடலிலும் ஒரு நாள் வாந்தி எடுக்காதவன் நான். கும்மிடிப்பூண்டியில் பஸ் ஏறினால் கவரைப்பேட்டை தாண்டுவதற்குள் கவர் கேட்பேன். இரண்டு நாள் பஸ்ஸில் போனால் சூரத்தில் என் சட்டைதான் இறங்கும். கனகாவும் விட்டுக் கொடுத்தாள், ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

ஜனவரி 12, திங்கள்

ரயில் டிக்கெட் கேட்க நானும் கனகாவும் கும்மிடிப்பூண்டி போனோம். வேடிக்கை என்னவென்றால் சூரத் ரயில் இந்த ஸ்டேஷன் வழியாகத்தான் போகிறது, நிற்காது. தெற்கே சென்ட்ரல் வரைக்கும் போய் ஏறிக்கொண்டு, திரும்ப இதே கும்மிடிப்பூண்டியை ஜன்னலில் பார்த்துக்கொண்டே வடக்கே போக வேண்டும். வண்டிக்காரனிடம் சொல்லிக் கொஞ்சம் நிறுத்தினால் என்ன என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற ஒரிசாப் பையன்கள் கூடச் சிரித்தார்கள்.

டிக்கெட் ஜன்னலுக்குப் போக மேம்பாலம் ஏற வேண்டும். முதல் படியிலேயே கனகா நின்றுவிட்டாள். "நீ போய்க்கினே இரு, நான் கொய்யாப்பழம் வாங்கினு வரேன்." நான் போய், வரிசையில் நின்று, பொங்கல் கூட்டம் அப்புறம் வா என்று சொல்லக் கேட்டுத் திரும்பி வந்தேன். அங்கேயே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கையில் கொய்யா இல்லை.

"பழம் எங்கமே?"

"காயா இருந்துது."

திரும்பி வந்து எங்கள் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பார்த்தேன். பின்பக்கமாகத் திரும்பிக் கம்பியைப் பிடித்து, படகிலிருந்து இறங்குகிற மாதிரி இறங்கினாள்.

ஜனவரி 15, பொங்கல்

கனகா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொங்கல் வைத்தாள். தரையில் உட்கார்ந்தால் புகை கண்ணில் படுகிறதாம். புகை மேலேதானே போகும்?

ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. போன ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போனோம். செருப்புக்கு ஒரு ஆள் காவல் வேணாமா என்று கீழேயே இருந்துவிட்டாள். என் சித்தப்பா பேரன் மோகன்ராஜ் கல்யாணத்தில் மாடியில் பந்தி. பசி இல்லை என்றாள். பசி இல்லாத கனகாவை நான் அதற்கு முன்னே பார்த்ததே கிடையாது. அதற்கும் முந்தின வருஷம் ஆடித் திருவிழாவில் கும்மி அடிக்கவில்லை, கேட்டதற்குப் புடவை புதுசு என்றாள். நான் பெரிய ஞாபகசாலி என்று ஊரெல்லாம் பேர். எல்லாம் ஞாபகம் இருந்து என்ன? ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்த்தேனா?

முட்டி வலியா என்று கேட்டுவிட்டேன். "எந்த முட்டி?" என்றாள், என்னமோ அவளுக்குப் பத்து முட்டி இருக்கிற மாதிரி.

ஏன் மறைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவள் அக்கா குப்பம்மாள் முட்டி வலி என்று வாய் விட்டுச் சொன்னாள். அடுத்த வாரமே மகன்கள் அவள் மீன் கூடையைப் பரண் மேல் ஏற்றிவிட்டார்கள். அதிலிருந்து குப்பம்மாள் டிவி எதிரில் உட்கார்ந்தபடியே இருக்கிறாள். கனகா இன்னும் சிப்காட் கேட்டில் மீன் விற்கிறாள். அவளிடம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பேரம் பேசினால் திட்டுவாள், திட்டு வாங்கவே சிலர் வருகிறார்கள்.

ஜனவரி 17

குணா விமானத்துக்கே முடிவு பண்ணிவிட்டான். நல்லதுதான். ஆனால் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னான். "நைனா, ஏர்போர்ட்டுல ரொம்ப தூரம் நடக்கணும். போர்டு எல்லாம் இங்கிலீசு, இந்தி. உங்களுக்குப் படிக்கவும் தெரியாது. வீல்சேர் சொல்லிட்டா அவங்களே தள்ளிக்கினு போய் சீட்டுல உக்கார வெச்சுடுவாங்க. உனக்கும் போட்டுடறேம்மா."

கனகா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "நொண்டியாடா நானு? நான் வரல. நீங்க போய்ட்டு வாங்க."

அவ்வளவுதான், அப்புறம் பேச்சே இல்லை. கனகா பேசாத வீடு எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. டீக்கடைக்காரன் கோபால் கூட வந்து எட்டிப் பார்த்தான், யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று.

விநோதா போன் செய்தாள். அம்மா வரவில்லை என்று குணா சொல்லியிருக்கிறான். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போன் செத்துப் போச்சோன்னு தட்டிப் பார்த்தேன். போன் நல்லாத்தான் இருக்கு. அழுவுறா.

அந்த நேரத்தில் என் வாயில் வந்தது. ஏன் வந்தது, எப்படி வந்தது, தெரியாது. "குணா, சேர் எனக்குதான்டா வேணும். ஆறு மாசமா என் முட்டி சரியில்ல. வெக்கப்பட்டுச் சொல்லல. உங்க அம்மா பக்கத்துல இருந்தாத்தான் போவேன். அவளுக்கும் ஒண்ணு போடு. அவ நடந்து வந்தா, தள்றவன் என்னை மட்டும் எங்கனா தள்ளிக்கினு போய் விட்டுட்டான்னா?"

கனகா என்னையே பார்த்தாள். "தொலைஞ்சா நல்லதுதான்" என்றாள். ஆனால் முறத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

ஜனவரி 18

தப்பு பண்ணிவிட்டேன். காலையில் எழுந்தால் சைக்கிளுக்குப் பூட்டு. சாவி பானுவிடம். "மாமா, இனிமே டீ ஊட்டுக்கே வரும்." ஏரிப் பக்கம் போகக் கூடாதாம். படகைத் தொடவே கூடாதாம்.

ஜனவரி 21

தெருவே வைத்தியர். ஆளுக்கு ஒரு தைலம். என் மேல் அடிக்கிற நாற்றத்தில் பூனை கூடக் கிட்டே வருவதில்லை. பக்கத்து வீட்டுப் பூவராகவன் வந்து என் காலை அமுக்கி, "இதுக்கு மேல இது வேலைக்கு ஆவாது" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போனான். நல்ல காலை அமுக்கி அமுக்கி இப்போது நிஜமாகவே வலிக்கிறது.

ஜனவரி 25, ஞாயிறு

நொண்டிக்கொண்டே வாசலுக்குப் போனேன். கனகா மீன் கழுவிக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்காமல் கேட்டாள். "நேத்து இடது கால் இல்ல?"

"ரெண்டும்தான். மாத்தி மாத்தி வலிக்குது."

"அப்படியா. கஷ்டம்தான்."

தோள் குலுங்கியது. சிரிக்கிறாள்.

எனக்கு வந்த தைலத்தில் ஒரு பாட்டிலைக் காணோம். நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 4, புதன்

விநோதா வீட்டிலிருந்து பேசுகிறேன். வந்து சேர்ந்துவிட்டோம். விமானம் ஒன்றும் பெரிசில்லை. கிளம்பும்போது அலையில் படகு ஏறுகிற மாதிரி ஒரு தூக்கு, அப்புறம் தண்ணீரே இல்லாத ஏரி. வாந்தி இல்லை. ஏர்போர்ட்டுக்கு வந்த காரில்தான் எடுத்தேன்.

சொல்ல வேண்டியது அது இல்லை.

சென்னை ஏர்போர்ட்டில் இரண்டு சேர் வந்தது. தள்ளுகிற பையன்களோடு ஒரு பெண், நம்ம பக்கத்துப் பெண்தான், பொன்னேரியாம், பேர் ஸ்நேகா. கையில் ஏதோ வைத்துக்கொண்டு கேட்டாள். "ஐயா, பிளேன் படி ஏறுவீங்களா? ஏற முடியாதுன்னா வேற வண்டியில தூக்கி ஏத்துவாங்க. உண்மையச் சொல்லணும்."

போன மாசம் வரைக்கும் படகைக் கரைக்கு இழுத்த கால். "முடியாதும்மா" என்றேன். கனகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, நீங்க?"

நான் மேலே விளக்கைப் பார்த்தேன். அவள் "எனக்கு ஒண்ணும் இல்ல, இவருக்குத் துணைக்கு வந்தேன்" என்று சொல்வாள் என்று நினைத்தேன். அப்படித்தான் சொல்லச் சொல்லி வைத்திருந்தேன்.

"முடியலம்மா" என்றாள். "மூணு வருஷமா முடியல. படி ஏற முடியல. கீழ உக்காந்தா எழுந்துக்க முடியல. ராத்திரி திரும்பிப் படுக்க முடியல."

திரும்பிப் படுக்க முடியலையா? பக்கத்தில்தானே படுத்திருக்கேன். இது எனக்குத் தெரியாதே.

ஸ்நேகா எழுதிக்கொண்டாள். பையன்கள் தள்ளினார்கள். என் சேர் முன்னே போனது. "மெதுவா தள்ளுப்பா, பின்னாடி ஆளு வருது" என்று சொல்லிக்கொண்டே போனேன்.

பிப்ரவரி 6

கனகா அடுப்பைப் பற்ற வைத்தாள். பால் பொங்கி மேடையெல்லாம் ஓடிற்று. மாப்பிள்ளை அருண்பாண்டியன் துடைக்கப் போனார், விநோதா விடவில்லை.

பிப்ரவரி 10

விநோதா இன்று அவள் அம்மாவை முட்டி டாக்டரிடம் கூட்டிப் போகிறாள். ஒரு தடவைதான் கேட்டாள், கனகா புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். ஆனால் கூடையில் கை வைக்கக் கூடாது என்று குணாவிடம் போனில் முதலிலேயே சத்தியம் வாங்கிவிட்டாள்.

நானும் வருகிறேன் என்று சட்டையை மாட்டினேன்.

"நீ எங்கய்யா வர? உனக்குத்தான் ரெண்டு காலும் சரியில்லியே. உக்காரு."

உட்கார்ந்திருக்கிறேன்.