திரையில் தெரியாத வரி

2024 ஜனவரி 29

வகுப்பில் சேர்ந்துவிட்டேன். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடி. என் சிநேகிதி ரம்யா அடுத்த அறையில். அங்கே கோடிங் கிடையாது. படத்தையும் பெட்டியையும் மவுஸால் இழுத்து வைத்தால் வெப்சைட் தயார். நான் எல்லாவற்றையும் கையால் அடிக்கிற வகுப்பு. "மூணு நாள் வேலைய நாலு மாசம் படிக்கப் போறியாளா?" என்று சிரித்தாள்.

அவளுக்கென்ன தெரியும். நிச்சயதார்த்தத்துக்கு மகாராஜன் ஒரு வெப் பக்கம் செய்து அனுப்பினார். எங்கள் இரண்டு பேர் பெயர், மே 26 என்று கல்யாணத் தேதி, பின்னால் ஒரு நீலம். "இழுத்து வச்சது இல்ல உமா, ஒவ்வொரு எழுத்தும் கையால அடிச்சது" என்றார். சென்னையில் அவருக்கு அதுதான் வேலை. அவர் பேசுவது எனக்குப் புரிய வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

பிப்ரவரி 6

ஒரே ஒரு அடைப்புக்குறியை மூட மறந்தேன். பக்கம் முழுக்கக் கோணல். ரம்யா அதற்குள் ஒரு பேக்கரிக்கு மக்ரூன் படமெல்லாம் போட்டு முடித்துவிட்டாள். எரிச்சல்.

பிப்ரவரி 11

புடவை எடுத்தோம். போனில் அவர் பக்கத்தைக் காட்டி, இதே நீலம் வேண்டும் என்றேன். பதினேழாவது புடவை சரியாக இருந்தது. அம்மாவுக்கு அரக்குதான் வேண்டுமாம். நான் அசையவில்லை.

பிப்ரவரி 20

ஒரு பக்கத்தின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்கச் சொல்லித் தந்தார்கள். எழுதியவர் தனக்காக வைத்துக்கொள்ளும் குறிப்பும் அதில் இருக்குமாம். திரையில் வராது.

வேறு எதைத் திறப்பேன்? அவருடையதைத்தான் திறந்தேன். நிறம் சொல்லும் வரிக்கு மேலே, இங்கிலீஷ் எழுத்தில் அடித்த தமிழ்: "ஜெனிலாவுக்கு இந்த நீலம்தான் பிடிக்கும். மாத்தாத."

யாரு ஜெனிலா?

பிப்ரவரி 21

கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. நம்ம ஊர்தானாம், திரேஸ்புரம். கூட வேலை பார்த்தவள். வேதக்காரப் பெண், கிறிஸ்தவள் என்று அவர் வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. முடிந்துபோய்விட்டது. அவளுக்காகச் செய்த பக்கத்தில் பெயரையும் தேதியையும் மாற்றி எனக்கு அனுப்பினாராம். "அப்ப கையில நேரமில்ல உமா."

நேரமில்லயாம். ஒவ்வொரு எழுத்தும் கையால அடிச்சதுன்னு சொன்னீங்களே — அடிச்சதுதான். எனக்கா அடிச்சீங்க?

"மாத்திருங்க" என்றேன். வேறென்ன கேட்பதென்று தெரியவில்லை. "நாளைக்கே மாத்திருதேன்" என்றார்.

பிப்ரவரி 23

"மாத்தியாச்சு" என்று மெசேஜ். உள்ளே போய்ப் பார்த்தேன். அந்தக் குறிப்பு இல்லை. நீலம் அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 24

இன்றும் பார்த்தேன். அதே நீலம்.

பிப்ரவரி 25

அம்மாவோடு திரேஸ்புரத்துக்கு மீன் வாங்கப் போனேன். பாதிப் படகுகளுக்கு அந்த நீலம்தான் அடித்திருக்கிறார்கள். இத்தனை வருடம் பார்த்த படகுகள். சீலா மீன் என்ன விலை என்று அம்மா கேட்கச் சொன்னாள். நான் படகுகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் 2

கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். "ஒரு நெறத்துக்காவா ஏளா கலியாணத்த வேண்டாங்க? மண்டபத்துக்குச் சொல்லியாச்சு."

அவர் கெட்டவராக இருந்தால் இவ்வளவு கஷ்டமில்லை. வேண்டுமென்றே விட்டாரா, கவனிக்காமல் விட்டாரா? கவனிக்காமல் விட்டிருந்தால்தான் இன்னும் வலிக்கிறது. மாத்தாத என்று தனக்கே சொல்லிக்கொண்டார். அந்தச் சொல்லை இன்னும் கேட்டு நடக்கிறார். எனக்கு அவரைப் பிடிக்கும். இப்பவும் பிடிக்கும். அதான் முடியல.

"எங்க க்ளாஸுக்கு வந்திருந்தா இது ஒங் கண்ணுல பட்டிருக்காதுல்லா" என்றாள் ரம்யா. கல்யாணமும் நடந்திருக்கும். இரண்டு பேரும் அழுதோம்.

மே 26

இன்று அம்மா தேதி கிழிக்கவில்லை. காலண்டரில் இன்னும் நேற்றுதான்.

வகுப்பின் கடைசி வேலை, சொந்தமாக ஒரு பக்கம். நாளை காட்ட வேண்டும். உமாராணி, தூத்துக்குடி, படிப்பு, போன் நம்பர் எல்லாம் சரியாக விழுந்துவிட்டது. ஒரு அடைப்புக்குறிகூடத் தப்பவில்லை. நிறத்துக்கு வந்ததும், அந்த நீலத்துக்கான குறியீட்டை, எழுத்தும் எண்ணுமாக ஆறையும், கை தானாக அடித்தது. அழித்தேன். மறுபடியும் அதையே அடித்தது.

நிறம் சொல்லாவிட்டால் பக்கம் வெள்ளையாக வரும். அப்படியே விட்டுவிட்டேன். மேலே எனக்கு மட்டும் ஒரு குறிப்பு அடித்து வைத்தேன்: "உமா, பொறவு மாத்தணும்."