புகார்ப் பெட்டிக்குள் காற்று

மார்ச் 4, செவ்வாய்

வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. ஒரு பெரியவர் வீட்டுக்குப் போய்க் காது மிஷின் மாட்டிவிட வேண்டிய நேரம். தள்ளிக்கொண்டே மெக்கானிக் கடை வரை போனேன். சீட்டைக் கழற்றி உள்ளே பார்த்தார் மெக்கானிக். அப்புறம் மெதுவாக, "அக்கா, உள்ள ஒரு குடும்பம் இருக்கு" என்றார்.

ஏர் பாக்ஸ். எஞ்சினுக்குப் போகிற காற்று முதலில் வந்து தங்கி, தூசி வடிந்து போகிற கறுப்பு டப்பா. நான் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு வாரத்தில் எலி அதன் மூலையைக் கடித்து ஓட்டையாக்கி உள்ளே கூடு கட்டியிருக்கிறது. நாலு குட்டி. மெத்தைக்கு என் இன்ஷூரன்ஸ் பேப்பர். வடிகட்டியில் பாதியைக் காணோம்.

புது டப்பா கிடைக்காதாம். அந்த வண்டியே வருவதில்லை, டப்பா எங்கிருந்து வரும் என்கிறார். குட்டிகளை ஒரு பழைய ஹெல்மெட்டுக்குள் விட்டு மதில் ஓரமாக வைத்தார். எலிக்கு வீடு கிடைத்துவிட்டது. எனக்குத்தான் வண்டி இல்லை.

மார்ச் 6, வியாழன்

வேறு வண்டி வாங்கிக்கொள்ளலாமே என்றார் இவர். கல்யாணமாகிப் பதினாலு வருஷம் கழித்தும் இவருக்குப் புரியவில்லை. முப்பத்தெட்டு வயதில் விழுந்து எழுந்து ஓட்டக் கற்றுக்கொண்ட வண்டி அது. முழங்காலில் தழும்பு இருக்கிறது. ஒரு எலிக்காக விடுவேனா?

இன்றைக்கு என் காது மிஷின் கடையில் ஒரு அம்மாவின் காதில், மிஷின் பொருந்த அச்சு எடுக்கும்போதுதான் தோன்றியது. என் பிழைப்பே ஓட்டையை அடைப்பதுதானே? காது அச்சில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் மிஷின் விசிலடிக்கும். அப்படி ஒரு இடுக்கு விடாமல் ஆயிரம் காதை அடைத்தவளுக்கு ஒரு டப்பாவை அடைக்கத் தெரியாதா?

நானே செய்யப்போகிறேன்.

மார்ச் 8, சனி

டப்பா கிடைத்துவிட்டது. கீழே சைக்கிள் ஷெட்டில், குடியிருப்போர் நலச் சங்கத்தின் புகார்ப் பெட்டி. கெட்டியான சாம்பல் நிறப் பிளாஸ்டிக், மேலே பூட்டு மூடி, முன்னால் கடிதம் போட நீளமாக ஒரு வாய். பதினோரு வருஷமாகச் சுவரில் தொங்கியது, ஒருத்தரும் ஒரு காகிதம் போடவில்லை. இப்போது எல்லாரும் போனில் குழு வைத்துத் திட்டிக்கொள்வதால் கழற்றிப் போட்டுவிட்டார்கள்.

சங்கத் தலைவர் என் மாமனார். அவரிடம் கேட்டேன், எடுத்துக்கொள்ளட்டுமா என்று. "பாக்கலாம்" என்றார். அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மாமாவுக்குக் காது கேட்காது. இது எனக்குத் தெரியும், இவருக்குத் தெரியும், வளாகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. சங்கக் கூட்டங்களில் அவர் தலையாட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். குறுக்கே பேசவே மாட்டார், அவ்வளவு பொறுமையான தலைவர் என்று மூன்று தடவை தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

ஊரில் உள்ள காதுக்கெல்லாம் மிஷின் வைக்கிறேன். என் வீட்டில் இருக்கிற ரெண்டு காதுக்கு வைக்க முடியவில்லை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வெளியூர் விருந்தாளிகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "மாமாவுக்குக் கேக்காது, சத்தமா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டேன். உதவி என்று நினைத்துத்தான் சொன்னேன். அன்றிலிருந்து எனக்கு 'பாக்கலாம்' மட்டும்தான்.

மார்ச் 9, ஞாயிறு

நாள் முழுக்கப் பால்கனியில். வண்டிக்குள் அடங்குகிற அளவுக்குப் பெட்டியின் அடியை அறுத்து மறுபடி மூடினேன். பின்பக்கம் வட்டமாக ஒரு துளை, கார்புரேட்டருக்குப் போகிற ரப்பர்க் குழாய்க்கு. நடுவில் வடிகட்டி ஸ்பாஞ்ச். கடிதம் போடும் வாயை அடைத்து, அதில் காற்று வர ஒரு சின்னக் குழாய். எல்லா இணைப்பிலும் கடையிலிருந்து கொண்டுவந்த காது அச்சு சிலிகான். ரோஸ் கலர். பெட்டி இப்போது ஈறு தெரியச் சிரிக்கிறது.

மார்ச் 10, திங்கள்

ஒழுகல் சோதனை. டப்பாவுக்குள் டார்ச்சை எரியவிட்டு, இருட்டில் வைத்துப் பார்த்தால் எந்த இடுக்கில் வெளிச்சம் வருகிறது என்று தெரிந்துவிடும். பகலில் இருட்டுக்கு எங்கே போவது? பீரோவுக்குள் போனேன். புடவைகளைத் தள்ளி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, டப்பாவை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவர் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மடியில் ஒளிர்கிற டப்பாவைப் பார்த்தார். என் தலைக்கு மேலே தொங்கிய நீலச் சட்டையை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் வரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை நல்ல குணம் என்பதா, பயம் என்பதா?

ஒரே ஒரு மூலையில் ஒழுகல். அடைத்தேன்.

மார்ச் 12, புதன்

மாட்டி ஓட்டினேன். நன்றாக இழுக்கிறது. ஆனால் பாதி வேகத்தில் ஒரு குறிப்பிட்ட இடம் வந்ததும் வண்டி "ம்ம்மா" என்கிறது. எஞ்சின் சத்தம் இல்லை. மாடு. சாட்சாத் மாடு. கொஞ்சம் முறுக்கினால் நின்றுவிடுகிறது, குறைத்தால் மறுபடி கூப்பிடுகிறது.

மார்ச் 13, வியாழன்

ஒரு நாய் கடை வரை கூடவே ஓடிவந்து என்னை விட்டுவிட்டுப் போனது.

மார்ச் 17, திங்கள்

சிக்னலில் நின்றபோது வண்டி விக்கியது, வேகத்தைக் குறைத்தால் சைலன்சரில் பட்பட்டென்று வெடித்தது. மெக்கானிக் மூடியைத் திறந்து என் ரோஸ் சிலிகானை இரண்டு விரலால் இழுத்தார். சூயிங்கம் மாதிரி வந்தது. பெட்ரோல் ஆவி பட்டால் இது ஊறிப் பெருத்துவிடுமாம். அந்த இடுக்கு வழியாகத் தூசியும் திருட்டுக் காற்றும் போயிருக்கிறது. "காதுல யாரும் பெட்ரோல் ஊத்த மாட்டாங்கக்கா" என்றார்.

அவமானமாக இருந்தது. இருபது வருஷ அனுபவம்னு பீத்திக்கிட்டேனே!

எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெட்ரோல் தாங்குகிற கறுப்புப் பசையும் மூடிக்கு ரப்பர் பட்டையும் போட்டேன். ஒரு நாள் முழுக்க அசைக்காமல் காயவிடச் சொன்னார்.

மார்ச் 19, புதன்

விக்கல் போய்விட்டது. மாடு போகவில்லை.

சங்கச் செயலாளர் போன் குழுவில் எழுதிவிட்டார். தினமும் காலை எட்டே காலுக்கு வளாகத்தில் ஒரு கால்நடை நடமாடுகிறதாம், அது தலைவர் வீட்டு வாகனம் என்று தெரியவருகிறதாம், ஞாயிற்றுக்கிழமை விசாரணை வைக்க வேண்டுமாம். விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் தலைவர்.

அதாவது சத்தத்தைக் கேட்டு முடிவு சொல்ல வேண்டியவர் மாமா.

வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டால் வீடு வீடாகப் போவது நின்றுவிடும், அது ஒன்று. ஆனால் செயலாளர் விஷயமே வேறு. அவருக்குக் கொஞ்ச நாளாக மாமாவின் காதுமேல் சந்தேகம். போன கூட்டத்தில் மாமா உதட்டைப் பார்க்க முடியாதபடி வேண்டுமென்றே வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினார் என்று இவர் சொன்னார்.

மார்ச் 21, வெள்ளி

மாமாவிடம் எழுதிக் காட்டினேன்: ஞாயிற்றுக்கிழமை உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுங்களேன். படித்தார். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பாக்கலாம்கூட இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பத்து மணி, வண்டி நிறுத்துமிடம். பிளாஸ்டிக் நாற்காலியில் கமிட்டி ஏழு பேர். நடுவில் மாமா, இஸ்திரி போட்ட சட்டையில். முதலில் டப்பாவைப் பார்க்க வேண்டும் என்றார் செயலாளர். வண்டியின் பக்க மூடியைக் கழற்றினேன். டப்பாமேல் இருந்த எழுத்தை நான் மறந்தே போயிருந்தேன். 'புகார்ப் பெட்டி. திறக்கும் நேரம் மாதம் ஒருமுறை.'

இது சங்கத்தின் சொத்து என்றார் செயலாளர். சங்கத்தின் புகார்ப் பெட்டியை வைத்தே சங்கத்துக்குத் தொந்தரவு கொடுப்பது எந்த விதியில் வருகிறது என்று பார்க்க வேண்டும் என்றார். ஒருத்தர் நிஜமாகவே விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

மாமா குனிந்து எழுத்தைப் படித்தார். "பதினோரு வருஷத்துல இதுக்குள்ள போன முதல் விஷயம் காத்துதான்" என்றார். யாரோ சிரித்துவிட்டார்கள்.

வண்டியை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். மெல்ல முறுக்கினேன். வந்தது. தூணுக்குத் தூண் மோதி, ஒரு மந்தையே இறங்கின மாதிரி. ஏழு பேரும் காதைப் பொத்தினார்கள். ஆறு பேர், அப்புறம் அவர்களைப் பார்த்து ஏழாவதாக மாமா.

நான் எஞ்சினை அணைத்தேன். மாமா எழுந்து வந்தார். மறுபடி எடு என்று கையால் காட்டினார். எடுத்ததும் டப்பாவின் பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்தார், கண்ணை மூடிக்கொண்டார். முப்பது வருஷம் எடைக்கல்லும் தராசும் சோதித்த ஆய்வாளர் அவர். கடையில் அவர் கை வைத்தாலே தராசு நேராக நிற்கும் என்று இவர் சொல்வதுண்டு. கையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். நடுவில் வந்ததும் அழுத்தினார். மாட்டின் குரல் பாதியாகக் கம்மியது.

அணைத்தேன். "செவுரு மெலிசு. அதுதான் நடுங்குது" என்றார் என்னிடம். ரெண்டு வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு.

அப்போதுதான் செயலாளர் அதைச் செய்தார். மாமாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, சாதாரணக் குரலில், "சார், தலைவர் பொறுப்பை இன்னிக்கே விட்டுக்கொடுக்கறீங்களா?" என்றார்.

மாமா டப்பாவையே தடவிக்கொண்டிருந்தார்.

எல்லாரும் மாமாவின் முதுகைப் பார்க்கிறார்கள். செயலாளர் இன்னொரு தடவை கேட்க வாயைத் திறந்தார். ஐயோ, நான் என்ன செய்தேன்னு எனக்கே தெரியல. ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன். மாடு கூப்பிடுகிற அந்த இடத்துக்கு வேகத்தைக் கொண்டுபோய் அப்படியே பிடித்துக்கொண்டேன்.

செயலாளர் கத்தினார். உதடு மட்டும் அசைந்தது. பொருளாளர் "என்ன?" என்று கையை விரித்தார். விதிப் புத்தகக்காரர் எதையோ காட்டினார், பக்கத்தில் இருந்தவர் தப்பாகப் புரிந்துகொண்டு தண்ணீர் கொண்டுவந்தார். ஒருத்தர் சொல்வது ஒருத்தருக்கும் கேட்கவில்லை. எல்லாரும் சும்மா தலையாட்டினார்கள். அதில் மாமாவுக்குத்தான் அனுபவம் அதிகம். அவர் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்து நிதானமாகத் தலையாட்டி, கும்பிட்டு, கூட்டம் முடிந்தது என்று கையால் காட்டினார். எழுந்து போய்விட்டார்கள். செயலாளர் கடைசியாக.

நான் அணைத்தபோது மாமா மட்டும் நின்றிருந்தார். செயலாளர் போன திசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மார்ச் 24, திங்கள்

காலையில் சாப்பாட்டு மேஜைமேல் கறுப்பு ரப்பர் ஷீட், நாலு துண்டு. டப்பாவின் நாலு சுவருக்கும் அச்சாக வெட்டியிருக்கிறது.

மார்ச் 25, செவ்வாய்

ஒட்டினேன். காற்றுக் குழாயையும் இன்னும் ஒரு விரல் நீளமாக்கினேன். காது அச்சில் காற்றுத் துளை நீளம் மாறினால் முழக்கம் மாறும், இதுவும் அதே கணக்குத்தானே. இது முதல் நாளே தோன்றியிருக்க வேண்டாமா எனக்கு?

மாடு போய்விட்டது. நாய் தெருமுனையில் நின்று தேடியது.

மார்ச் 29, சனி

மாமா கடைக்கு வந்தார்.

வீட்டில் சொல்லவில்லை. டோக்கன் எடுத்து, மற்ற மூன்று பேரோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் முறை வந்ததும் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "ரெண்டையும் அடைச்சிடு" என்றார்.

பஞ்சு வைத்து, இரண்டு காதிலும் ரோஸ் சிலிகானை நிரப்பினேன். ஐந்து நிமிஷம் இறுக வேண்டும். அதுவரை இடி விழுந்தாலும் கேட்காது. அப்போது பார்த்துப் பேச ஆரம்பித்தார். தன் குரலே தனக்குக் கேட்காததால் கத்திப் பேசினார்.

"நீ சொன்னது பொய்யில்ல. எனக்கு முன்னாடி நீ கண்டுபிடிச்சிட்டியேன்னுதான் கோவம்."

வெளியே இருந்த மூன்று பேருக்கும் கேட்டது. அதில் இரண்டு பேருக்கு இதுவரை நான் பேசியதே கேட்டதில்லை.

கேட்காது என்று தெரிந்தே நானும் சொன்னேன். நாலு பேர் முன்னால் சொன்னது தப்பு மாமா, தனியாகச் சொல்லியிருக்கணும். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அச்சு சுத்தமாக வந்தது. ஒரு குமிழிகூட இல்லை.

ஏப்ரல் 10, வியாழன்

மிஷின் மாட்டினேன். அவர் முதலில் சொன்னது: இந்த ஃபேன் எத்தனை வருஷமா இப்படிக் கத்துது?

ஏப்ரல் 20, ஞாயிறு

இருபது நிமிஷத்தில் முடிகிற சங்கக் கூட்டம் இன்றைக்கு மூன்று மணி நேரம். மாமா ஒவ்வொன்றையும் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறார். முன்பு தலையாட்டிக்கொண்டிருந்த தலைவரே நல்லவர் என்று பேச்சாம். செயலாளர் பாதியில் தலைவலி என்று எழுந்து போனாராம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

காது மிஷினுக்குப் பேட்டரி வாங்கக் கடைக்கு வரணும் என்றார் மாமா. இவர் காரை எடுக்கப் போனார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு மாமா என் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

வழி முழுக்க ஏதோ பேசிக்கொண்டே வந்தார். ஹெல்மெட்டும் எதிர்க்காற்றும், எனக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. பாலம் தாண்டியதும் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றி, என்ன மாமா என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. சும்மா பேசிட்டு வந்தேன்" என்றார். "நீ ஓட்டு."