மருந்து கலக்காத தட்டு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் எழுதுவது. நான் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறேன். அங்கே எல்லாரும் நலம்தானே என்று கேட்க வாய் வரவில்லை. நேற்று சித்தி போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். இதையும் போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நீங்கள் ஒரு ஜோக் அடிப்பீர்கள், நான் சிரிப்பேன், விஷயம் காற்றோடு போய்விடும். கடிதம் என்றால் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

தொண்டைப் புற்றுக்கட்டிக்கு உடனே கதிர்வீச்சு வைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் நாள் குறித்துக் கொடுத்தும் நீங்கள் போகவில்லையாமே. டாக்டர் ஆள் விட்டுக் கேட்டதற்கு, வீட்டுப் பெண்ணே மருந்து கண்டுபிடித்திருக்கிறாள், அது வரட்டும் என்று பதில் அனுப்பினீர்களாம். டெப்போவில் டிரைவர், கண்டக்டர் ஒருவர் பாக்கியில்லாமல் இதையே சொல்லித் தம்பட்டம் அடித்திருக்கிறீர்கள். சித்தி அழவில்லை. தயங்கித் தயங்கி ஒன்றுதான் கேட்டார்கள். "அந்த மருந்தை எப்பம்மா அனுப்புவே? கொஞ்சம் சீக்கிரம் அனுப்பினா தேவலை."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்த மருந்தின் கதையை முழுதாகச் சொல்கிறேன், கேளுங்கள். வேதி உயிரியல் என்றால் என்ன என்று நீங்கள் கேட்டபோதெல்லாம், கெமிஸ்ட்ரியும் பயாலஜியும் கல்யாணம் கட்டிக்கொண்டது என்று சொல்லித் தப்பித்திருக்கிறேன். உண்மையில் வேலை இதுதான். நாங்களே ஒரு பொருளைச் செய்கிறோம். அதை உயிருள்ள செல்களின் மேல் விட்டு, அவை என்ன ஆகின்றன என்று பார்க்கிறோம். எனக்கு ஒதுக்கியது தொண்டைக் கட்டியின் செல்கள். அகலத் தட்டுகளில் இளஞ்சிவப்புத் திரவத்துக்குள், உடம்புச் சூட்டிலேயே வைத்து வளர்க்கிறோம். ஒருநாள் விட்டு ஒருநாள் பழைய திரவத்தை எடுத்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். அதைச் சாப்பாடு போடுவது என்றுதான் சொல்வோம். "என்ன, சாப்டாச்சா?" என்று நான் அவற்றிடம் கேட்பதும் உண்டு. சிரிக்காதீர்கள், எனக்கு இங்கே வேறு பேச்சுத் துணை கிடையாது.

என்னோடு படிக்கிறவர்கள் நல்லவர்கள்தான். வரும்போது தலையாட்டுவார்கள், போகும்போது தலையாட்டுவார்கள். நடுவில் ஒரு நாள் கழிந்துவிடும். மத்தியானம் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். மேஜையில் தனியாக உட்கார்ந்தால் நாலு பேர் பார்ப்பார்கள், படியில் என்றால் ஏதோ அவசரம் என்று நினைத்துக்கொள்வார்கள். போன வாரம் கடையில் பை வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தால் குரல் கரகரவென்று வருகிறது. அன்றைக்கு அதுதான் என் முதல் பேச்சு. வாயாடி என்று நீங்கள் பட்டம் கட்டிய பெண்ணுக்கு வந்த கதியைப் பாருங்கள்.

மருந்துச் செய்தி கிளம்பிய அந்தச் சனிக்கிழமையும் லேபில் ஈ காக்கை இல்லை. பல மாதமாக நான் செய்த எதற்கும் அசையாத செல்கள், அன்று நுண்ணோக்கியில் பார்த்தால் மொத்தமாகச் செத்துக் கிடந்தன. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் ஒரே ஒரு ஆள் இருந்திருந்தால் அவரிடம் சொல்லி முடித்திருப்பேன். இல்லை. அதனால் வீட்டுக்குப் போன் போட்டேன். "அம்மா, என் மருந்துல எல்லாம் செத்துப் போச்சு!" என்று கத்தினேன். அம்மா சித்தியிடம் சொல்ல, சித்தி உங்களிடம் சொல்ல, அது டெப்போ வரை போய்விட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை வெட்கத்தில் நான் வீட்டில் சொல்லவில்லை. திங்கட்கிழமை பேராசிரியரிடம் காட்டினேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார். மருந்து கலக்காமல், அதைக் கரைக்கும் திரவத்தை மட்டும் ஒரு தட்டில் விட்டுப் பார்த்தாயா என்றார். நான் விடவில்லை. ஒன்றுமே ஊற்றாத தட்டோடு ஒப்பிட்டுவிட்டுக் குதித்திருந்தேன். மறுபடி செய்தேன். மருந்தே இல்லாத தட்டிலும் செல்கள் அதே மாதிரி செத்தன. கரைக்கும் திரவத்தைக் கூடுதலாக ஊற்றியிருக்கிறேன், அதுதான் கொன்றிருக்கிறது. அளவைக் குறைத்து ஊற்றியபோது என் மருந்து ஒரு செல்லைக்கூடத் தொடவில்லை. அப்படியே தொட்டிருந்தாலும், தட்டில் இருக்கிற செல்லைச் சோப்புத் தண்ணீர்கூடக் கொன்றுவிடும் சித்தப்பா. தட்டு வேறு, மனுஷன் வேறு.

இன்னொன்றையும் சொல்கிறேன். அந்தச் செல்கள் ஒரு மனிதருடைய தொண்டையிலிருந்து எடுத்தவை. அவர் யார், என்ன வேலை பார்த்தார், ஒன்றும் தெரியாது. போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. அவருடைய கட்டி மட்டும் இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. நான் சாப்பாடு போடுகிறேன், அது இரட்டிக்கிறது. கட்டி யாருக்காகவும் காத்திருக்காது என்பதை ஒருநாள் விட்டு ஒருநாள் கண்ணால் பார்க்கிறவள் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

நீங்கள் என் மருந்தை நம்பித்தான் போகாமல் இருக்கிறீர்கள் என்று சித்தி நினைக்கிறார்கள். நான் நினைக்கவில்லை. காய்ச்சல் மாத்திரைக்கே நாலு பேரிடம் விசாரிக்கிற ஆள் நீங்கள். அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன், கதிர் வைத்தால் கொஞ்ச காலம் குரல் போய்விடலாம், பழைய மாதிரி திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னாராம். கண்டக்டர் பையோடு பின்படிக்கட்டில் நின்று நீங்கள் ஒரு சத்தம் போட்டால் பஸ் முழுக்க உள்ளே நகர்ந்துவிடும், அப்படிப்பட்ட குரல். அது இல்லாமல் நீங்கள் யார் என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடுமோ என்று பயப்படுகிறீர்கள். தப்பே இல்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு என் தட்டை மறைப்பாகப் பிடிக்காதீர்கள். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தத் தட்டின் முன்னால் நான் எப்படிப் போய் உட்காருவேன்?

இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த மறுநாள் காலையிலேயே சித்தியோடு ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் கூப்பிடுவேன். போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டால் போதும். உங்களுக்கும் சேர்த்து நான் பேசிக்கொள்கிறேன். குரல் வராவிட்டால் வராமல் போகட்டும். நீங்கள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டால் எனக்குப் போதும் சித்தப்பா.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்