பாறை மேல போட்ட பந்தல்

வேப்பந்தட்டை
3-7-1984

அன்பு மகள் சிந்தாமணிக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்க நான், உங்கம்மா, கன்னு போட்டு ரெண்டு வாரமான எருமை வரைக்கும் எல்லாரும் சொகமா இருக்கோம், பம்பாயில நீயும் சொகமா இருக்கேன்னு நாலு வரி வந்தாத்தான் எங்க சொகம் முழுசாகும். அங்க மழை கொட்டுதுன்னு ரேடியோவுல கேட்டதுலேர்ந்து உங்கம்மா ஒரே புலம்பல், ஈரத் துணியோட ஆபீசுல உக்காராத.

நீ அனுப்பின பிளான் வந்து சேந்துச்சு. மலையடிவாரத்து ஓடைக்கரையில பஞ்சாயத்து யூனியன்ல பூங்கா போடப்போறாங்க, ஜனங்க உக்கார ஒரு சின்ன மண்டபம் வேணும்னதும், என் மவ படம் போடுவா சார்னு பி.டி.ஓ. சார்கிட்ட வாயைக் குடுத்தது நான்தானே. நீ சொந்தமாப் போட்ட மொதப் பிளானு, அது கட்டடமா நிக்கணும்னு எனக்கு ஒரே துடிப்பு. காயிதத்துல கோட்டைப் பாத்தா எங்களுக்கு என்ன வெளங்கும், மொதல்ல பந்தலாப் போட்டுக் காட்டுறேன், ஒரு வாரம் பாருங்கன்னேன், அவரும் சரின்னுட்டாரு. நீ சொன்ன எடத்துலயே, அந்த மொட்டப்பாறை உச்சியில, பாறையில குழி தோண்ட முடியுமா, தார் டின்னுல கல்லை ரொப்பி சவுக்குக் காலை நிறுத்தி, மூணு படி, மேடை, மேல கூம்பாக் கீத்து, எல்லாம் உன் அளவுப்படி போட்டேன். பாக்க லட்சணமாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரு பய உக்காரல தாயி! ஏறுனவனெல்லாம் செருப்பைக் கீழ கழட்டிட்டுப் போயி, கும்புட்டுட்டு எறங்கிட்டான். மூணாம் நாளு பாத்தா நம்ம தெரு வீரம்மாள் ஒரு கல்லுக்கு மஞ்சப் பூசி நடுவுல நட்டுட்டு பொங்கல் வச்சிக்கிட்டு இருக்கு. என்னம்மா இதுன்னா, சாமிக்குத்தானே பந்தல் போட்டீங்க, தோரணமெல்லாம் கட்டியிருக்கீங்களேங்குது. அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. முப்பது வருசமாப் பந்தல் போடுற பழக்கம், கை சும்மா இருக்குமா, மொத நாளே வாழ மரம் ரெண்டு, மாவிலைத் தோரணம்னு கல்யாண வூட்டுக்குக் கட்டுற மாதிரி கட்டிவுட்டிருக்கேன். கோயிலாட்டம் மூணு படி வச்சது உன் தப்பு, தோரணம் என் தப்பு, ஆளுக்குப் பாதியா எடுத்துக்குவோம்.

உங்கம்மா விழுந்து விழுந்து சிரிச்சா, பி.டி.ஓ. சாரு சிரிக்கல. இது சரிப்படாது அரியமுத்து, மத்த ஊருல மாதிரி சிமெண்டுல காளான் குடை வச்சு செவப்புப் பெயிண்டு அடிச்சிடலாம்னாரு. இன்னும் நாலு நாளு குடுங்க சார்னு கெஞ்சி, உன்னைக் கேக்காமலே பந்தலைப் பிரிச்சு, கீழ ஓடை திரும்புற எடத்துல புங்க மரம் நிக்குதே, அதுக்கடியில போட்டேன், கோவிச்சுக்காத. படி கெடையாது, மேடை கெடையாது, அங்க கெடக்குற தட்டப்பாறையே உக்காருற எடம். பெருசா ஒண்ணு வேணாம்னு தள்ளித்தள்ளி மூணு சின்னது, மலை சரியுற பக்கமே கீத்தும் சரியுற மாதிரி, தாழ்வா. ரோட்டுலேர்ந்து பாத்தா பந்தலே தெரியாது, மரமும் பாறையும்தான் தெரியும். தோரணம் கட்டப் போன கையை உங்கம்மா தட்டிவுட்டா. மறுநாளே வெறகுக்கட்டை எறக்கிட்டுப் பொம்பளைங்க உக்காந்துட்டாங்க, பெரம்பலூர் பஸ்ஸை விட்டவங்க உக்காந்தாங்க, ஆட்டுக்கார அய்யாக்கண்ணு துண்டை விரிச்சுக் கொறட்டையே விட்டாரு. பாக்க வந்த பி.டி.ஓ. சாரும் எந்திரிக்க மனசில்லாம ரெண்டு டீ வாங்கிக் குடிச்சாரு. வீரம்மாளோட சாமி மட்டும் பாறை மேலயே இருக்கு, இருந்துட்டுப் போவட்டும், வெயிலு சாமியை என்ன பண்ணும்கறா உங்கம்மா.

ஆனா என் பந்தல் ஒரு மழைக்குத்தான் தாங்கும். நெலையாக் கட்டுறதுன்னா கல்லுக்காலு எத்தனை கனம், ஓட்டுக்கு எவ்வளவு சரிவு, ஓடையில வெள்ளம் வந்தா எது நிக்கும், எனக்கு என்ன தெரியும் அதெல்லாம்? இருபத்தஞ்சாம் தேதிக்குள்ள புதுப் பிளான் வரலன்னா காளான்தான்னு பி.டி.ஓ. சாரு கண்டிசனாச் சொல்லிட்டாரு. அளவெல்லாம் பின்பக்கம் எழுதியிருக்கேன், மரத்துல ஒரு கிளையைக்கூட வெட்டாம போடு. அப்பன் என் பிளானை மாத்திட்டான்னு ஆத்திரமா இருந்தா நல்லாத் திட்டி எழுது, ஆனா பிளானையும் சேத்து ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிடு.

நேத்து யூனியன் ஆபீசுல கிளார்க்கு ஃபைலைப் பிரிச்சு, வரைபடம் தயாரிப்பவர் பேரு என்னன்னு கேட்டாரு. அந்த ஆபீசு நோட்டுல உன் தாத்தா பேரு இருக்கு, என் பேரும் இருக்கு, எல்லாம் கூலி ஆளுங்க பேரு எழுதுற பக்கத்துல. அ. சிந்தாமணின்னு நான் சொல்லச் சொல்ல அவரு எழுதினாரு. கொஞ்சம் காட்டுங்க சார்னு கேட்டு, ரெண்டு தரம் படிச்சுட்டுத்தான் வெளிய வந்தேன். கண்ணு கலங்கிருச்சு தாயி, யாரும் பாக்குறதுக்குள்ள தொடச்சுக்கிட்டேன்.

நோய்நொடி இல்லாம, நெனச்சதெல்லாம் கைகூடி நீ நல்லா இருக்கணும், நானும் அம்மாவும் கும்புடுற சாமியெல்லாம் உனக்குத் தொணையா இருக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்புடு. பிளானுக்குக் கீழ உன் பேரை அவசரத்துல கிறுக்கிடாத, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவங்களுக்கும் தெரியுற மாதிரி முழுசா எழுது.

இப்படிக்கு
உன் அப்பா
ம. அரியமுத்து