புல்லுக்குள் மீசான்

பெப்ரவரி 12, வெள்ளி

ஹோட்டல் வேலியோரத்து அலங்காரப் புல் ஆளுயரம் வளர்ந்துவிட்டது. மூன்று வருடமாக நுனியை மட்டும் கத்தரித்தேன். இன்றுதான் கத்தை கத்தையாகக் கட்டி அடியோடு அறுத்தேன். கடைசிப் புதருக்குள் அரிவாள் கல்லில் பட்டது. விலக்கிப் பார்த்தால், மையித்தை அடக்கிய இடத்தில் அடையாளமாக நடும் மீசான் கற்கள், மூன்று. எங்கள் ஊரில் பெண்ணின் கபுறுக்குத்தான் மூன்று நடுவார்கள். நாங்கள் விட்டுவந்த மன்னாரில் உம்மாவின் கபுறு எந்தப் புல்லுக்குள் கிடக்கிறதோ.

ஸலாம் சொல்லி, அந்தப் புதரை மட்டும் வெட்டாமல் விட்டேன்.

"இதை ஏன் விட்டீங்க?" என்றார் மனேஜர்.

உண்மையைச் சொன்னால் கல்லைப் பிடுங்கிவிடுவார்கள். "உள்ளுக்குப் பாம்பு கிடக்கு, சேர்" என்றேன்.

"அப்ப வெட்ட வேணாம். காலையில பெற்றோல் ஊத்திக் கொளுத்திருங்க."

ஓம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.