குஞ்சுகிட்ட வாயைத் திறந்துட்டேன்

வீட்டு எஜமானியம்மாவுக்கு உன் கிழவன் கும்பிட்டு எழுதுறது. நான் சௌக்கியம். உன் முட்டிவலியும் கோபமும் எப்படி இருக்கு?

இங்க பறவை ஆராய்ச்சிக் கூடத்துல, அழிஞ்சுகிட்டு வர்ற கொக்கு இனத்துக் குஞ்சு ஒண்ணுக்கு நான்தான் இரை ஊட்டுறேன். மனுஷன்கூடப் பழகிட்டா அதைக் காட்டுல விட முடியாதாம். அதனால தாய்க்கொக்குன்னு அது நம்புற மாதிரி, கையில கொக்குத்தலை போலச் செஞ்ச உறையை மாட்டிக்கிட்டு, வாயே திறக்காம ஊட்டணும். உனக்குப் பிடிச்ச வேலைதான்! நாலு சுவத்துக்குள்ள பேச ஆளில்லாம, உன் சண்டையெல்லாம் அதுகிட்ட சொல்லிட்டேன். இப்ப என் குரல் கேட்டாத்தான் அலகைத் திறக்குது.

"தாத்தா, அது தானா தின்னப் பழகுற வரைக்கும் உங்களுக்கு லீவு கிடையாது"ன்னுட்டாங்க இங்க இருக்கிற பறவை டாக்டரம்மா.

உன் கண் ஆபரேஷனுக்கு வர முடியாது. தள்ளிப்போடாதே, மருமகளைக் கூட வச்சுக்கோ. கட்டுப் பிரிச்சதும் எதிர்வீட்டுக் கிழவனைப் பாத்துச் சிரிக்காதே. உன் பழைய சேலை ஒண்ணு அனுப்பு, போத்திக்கணும்.

குஞ்சு கத்துது, போறேன். நான் போகலேன்னா அது சாப்பிடாது. நீயாவது எனக்காகக் காத்திருக்காம சாப்பிடு.